பாதிரிப்புலியூர் முதல் தில்லை வரை: ஒரு நாள் திருத்தலச் சுற்று

வியாபாரிகளாகிய நமக்கு ஊர் சுற்றிப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. விடியற்காலையில் கடை திறந்தால் இரவு கணக்கு முடித்துப் பூட்டும்வரை கல்லாவை விட்டு நகர முடியாது. வெளியூர் உறவினர் வந்து "உங்கள் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், சில்வர் பீச், நடராஜர் கோயில் என்று இரண்டு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட சுமார் 45 கிலோமீட்டர் சாலையில் சைவம், வைணவம், சமணம், இஸ்லாம், கிறிஸ்தவம் எல்லாம் தங்கள் சுவடுகளைப் பதித்திருக்கின்றன. நடுவில் உள்ள குடிகாட்டில் நின்று பார்த்தாலே இது விளங்கும். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள், கார்த்திகையில் மாலை போட்டவர்கள், தையில் வடலூருக்குச் செல்பவர்கள் என்று ஆண்டு முழுவதும் யாத்திரிகர் கூட்டம்தான். இவர்கள் எல்லோரும் தண்ணீருக்கும் சோடாவுக்கும் பிஸ்கட்டுக்கும் நிற்கும் இடம் நம் கடை வாசல்.

இந்த இதழில் வாசகர்களை ஒரு நாள் சுற்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கிளம்பினால் போதும். கோயில்கள் நடுப்பகலில் நடை சாத்துவதால் காலையில் வடக்கே கடலூரும், மாலையில் தெற்கே சிதம்பரமும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

திருப்பாதிரிப்புலியூர்

லாரன்ஸ் ரோட்டிலும் பான்பரி மார்க்கெட்டிலும் சரக்கு எடுக்கப் போகாத வியாபாரி நம் பக்கத்தில் இருக்க முடியாது. அந்தக் கடைவீதிக்கு அருகிலேயே பாடலீஸ்வரர் கோயில் இருக்கிறது. பாதிரி மரம் தலவிருட்சம், அம்பாள் பெரியநாயகி. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம்.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரையேறினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கடலூர்ப் பக்கத்தில் 'கரையேறவிட்டகுப்பம்' என்று இன்றும் வழங்கும் ஊர்ப் பெயர் அந்த நினைவைத்தான் சொல்கிறது.

நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு. சைவம் தழைப்பதற்கு முன்பு இவ்வூர் பெரிய சமணக் கல்வி நிலையமாக விளங்கியது. கி.பி. 458இல் சர்வநந்தி என்ற சமண முனிவர் 'லோகவிபாகம்' என்னும் நூலைப் பாடலிகா என்ற ஊரில் எழுதி முடித்தார். அந்தப் பாடலிகா இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. அப்பர் சமணத்தில் தருமசேனராக இருந்ததும் இங்கேதான். பின்னர் பல்லவ மன்னன் சைவனாகி, இங்கிருந்த சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களால் திருவதிகையில் சிவன் கோயில் எடுத்தான் என்று பெரியபுராணமே சொல்கிறது. ஆக, நமது சுற்றின் முதல் தலமே சமயச் சண்டையும் பார்த்த இடம். இதை மறைக்க வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே செல்வதுதான் முறை.

திருவந்திபுரம்

மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கெடிலக் கரையில் திருவந்திபுரம். ஏடுகளில் திருவஹீந்திரபுரம். தேவநாதப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்றின்மேல் கல்விக்கு அதிபதியான ஹயக்ரீவர் சந்நிதி. பரீட்சைக் காலத்தில் பேனாவும் நோட்டுமாகப் பிள்ளைகள் படியேறுவதைக் காணலாம்.

வைணவப் பேராசிரியர் வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் இது. எந்த வேலையும் தெரியும் என்று சொல்லப்பட்ட அவரைச் சோதிக்க ஒரு கொத்தனார் கோணலும் மாணலுமான செங்கற்களைக் கொடுத்ததாகவும், அவற்றைக் கொண்டே அவர் கிணறு கட்டி முடித்ததாகவும் செவிவழிச் செய்தி உண்டு. கையில் கிடைத்த சரக்கைக் கொண்டு வேலையை முடிக்கும் சாமர்த்தியம் நமக்கும் பாடம்தான்.

முகூர்த்த நாட்களில் இங்கு ஒரே காலையில் ஏராளமான திருமணங்கள் நடக்கின்றன. அந்தக் கல்யாண மளிகைச் சீட்டுகள் கடலூர்க் கடைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மஞ்சக்குப்பம், தேவனாம்பட்டினம்

திரும்பி மஞ்சக்குப்பம் வந்தால் கார்மேல் அன்னை ஆலயம். கிழக்கே கடற்கரையில் தேவனாம்பட்டினம். மாசி மகத்தன்று சுற்று வட்டாரக் கோயில்களின் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்குத்தான் எழுந்தருளுவார்கள். எள், தர்ப்பை, தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்பூரம் என்று அன்று ஓடும் சரக்கைப் பழைய சிட்டையைப் புரட்டினால் காணலாம்.

பக்கத்திலேயே கெடில முகத்துவாரத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. பெயர் என்னவோ கிறிஸ்தவப் புனிதரின் பெயர். ஆனால் அங்கே முதலில் இருந்த சிறு கோட்டையைக் கட்டியவர் ஓர் இந்து வணிகர். அது மராட்டியர் கைக்குப் போய், 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலையானது. பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலமும் வாங்குபவருக்கே என்பது பேரத்தின் நிபந்தனை. கம்பெனியார் நல்ல பீரங்கியாகப் பார்த்து எடுத்து வந்து சுட்டார்கள்! குண்டு எல்லைக்குள் வந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பத்திரத்தில் அளவை எழுதாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதுநகர்

துறைமுகத்தை ஒட்டிய முதுநகர்தான் ஆதிக் கடலூர். கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் நடந்து போகும் தூரத்தில் அமைந்த பழைய வணிகப் பட்டினம். நெசவுத் துணிகள் கப்பலேறிக் கீழ்த்திசை நாடுகளுக்குச் சென்ற துறை இது.

இங்குள்ள கிறிஸ்து ஆலயத்தின் பின்னணியில் ஒரு கதை உண்டு. சுவீடன் நாட்டவரான கியர்நாண்டர் என்ற பாதிரியார் 1740இல் கடலூர் வந்து பிராட்டஸ்டண்ட் மிஷனை நடத்தினார். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பகை முற்றிய அந்நாளில், கத்தோலிக்கர் வசமிருந்த ஆலயத்தை ஆங்கிலேயர் 1749இல் எடுத்து அவரிடம் கொடுத்தனர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்ததும் கியர்நாண்டர் கல்கத்தாவுக்குப் போய், அங்கே 1770இல் பழைய மிஷன் ஆலயத்தை எழுப்பினார். ஒரே மதத்துக்குள்ளும் இப்படிப் பறித்தலும் கொடுத்தலும் நடந்திருக்கிறது. அரசியல் பகை வந்தால் ஆண்டவன் வீடும் தப்புவதில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பரங்கிப்பேட்டை

இனி வண்டியைத் தெற்கே திருப்புவோம். குடிகாடு, புதுச்சத்திரம் தாண்டி பு.முட்லூரில் இடப்புறம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். பந்தர் என்றாலும் துறைமுகமே. டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனிஷ்காரர் என்று வியாபாரத்துக்கு வராதவர் இல்லை. 1781 ஜூலை 1ஆம் நாள் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும் போர் நடந்ததும் இங்கேதான்.

தெருவுக்குத் தெரு பள்ளிவாசலும் தர்காவும் உள்ள ஊர். அதே ஊரில் ஆதிமூலேசுவரர் கோயிலும் இருக்கிறது. அங்கே சித்திரகுப்தருக்குத் தனிச் சந்நிதி. பாவ புண்ணியக் கணக்கு எழுதும் சித்திரகுப்தரைக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நாம் ஒரு முறை தரிசித்து வருவது பொருத்தமே.

இவ்வூர் மரைக்காயர்கள் கப்பல் வணிகத்தில் பேர் பெற்றவர்கள். இங்கிருந்து பினாங்கு சென்று அங்கே தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் மொஹிதீன் என்ற வணிகர் 1801இல் தொடங்கியதுதான் புகழ்பெற்ற கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல். அதே வட்டாரத்தில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் ஆலயமும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சீனர்களின் கருணைத் தேவி கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெளிநாட்டார் அந்தத் தெருவை 'நல்லிணக்கத் தெரு' என்று விளம்பரம் செய்து சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கிறார்கள். அதற்கு ஆள் அனுப்பிய நம் ஊரை நாம் ஒரு நாள் கூட நின்று பார்ப்பதில்லை.

26.12.2004 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. சுற்றியுள்ள மீனவ கிராமங்கள் சிதைந்தன. மக்கள் ஈரத் துணியோடு பரங்கிப்பேட்டைக்கு ஓடி வந்தபோது, இவ்வூர் ஜமாஅத்தார் யார் எவர் என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்கள். விருந்துக்கு வைத்திருந்த பெரிய தேக்சாக்கள் அடுப்பேறின. அரசு உதவி முழுமையாக வந்து சேருமுன்பே சோறு போட்டார்கள்; பல நாள் போட்டார்கள். இறந்தோரின் உடல்களை எடுப்பதிலும் உடன் நின்றார்கள். சாப்பிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்து மீனவர்கள். இங்கே போய் நிற்கும்போது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கிள்ளை

வெள்ளாற்றுக்குத் தெற்கே, பிச்சாவரம் போகும் வழியில் கிள்ளை. சிற்றூர்தான். ஆனால் மாசி மகத்தில் இங்கு நடப்பதைக் காண ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளிக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் சையத் ஷா ரஹமத்துல்லா தர்காவின் அருகே பல்லக்கு நிற்கிறது. தர்காவினர் பட்டும் பழமும் மாலையும் கொண்டுவந்து பெருமாளுக்குச் சாத்துகிறார்கள். பெருமாள் மாலையும் பிரசாதமும் தர்காவுக்குக் கொடுக்கப்படுகின்றன. அவற்றை எடுத்துச் சென்று தர்காவில் பாத்தியா ஓதுகிறார்கள். நவாபு காலத்துத் தாசில்தார் உப்பு வெங்கட்ராவ் என்பவர் தர்காவுக்கு நிலம் எழுதி வைத்தார் என்றும், அதன் நன்றியாக இவ்வழக்கம் தொடர்கிறது என்றும் ஊரார் சொல்கிறார்கள்.

பழைய பொன் நாணயத்துக்கு வராகன் என்று பெயர் வந்தது வராகப் பெருமாள் உருவம் பொறித்ததால்தான். நாட்டு மருந்துக் கடைகளில் வராகனெடை என்ற சொல் மறையவில்லை. நம் முன்னோர் எந்த மதத்தவரானாலும், கையில் வாங்கி எண்ணிய காசு அந்தப் பெருமாளின் பெயர் தாங்கியதாகவே இருந்தது.

சிதம்பரம்

மாலை நடை திறக்கும் நேரத்துக்குச் சிதம்பரம் சேரலாம். நடராசர் சந்நிதியும் கோவிந்தராசர் சந்நிதியும் ஒரே இடத்தில் நின்று இருவரையும் சேவிக்கும்படி அமைந்த கோயில். இங்கும் பிணக்கு நடந்ததுண்டு. சோழர் காலத்தில் அகற்றப்பட்ட கோவிந்தராசரை 1539இல் விசயநகர மன்னர் அச்சுததேவராயர் மீண்டும் எழுந்தருளச் செய்தார். இன்று வரும் பக்தர்கள் இரு சந்நிதியிலும் கை கூப்பிவிட்டுத்தான் போகிறார்கள்.

முதற் குலோத்துங்க சோழன் காலத்தில் காம்போஜ நாட்டரசன், அதாவது இன்றைய கம்போடியப் பகுதியை ஆண்டவன், காணிக்கையாகக் காட்டிய அரிய கல்லொன்று இக்கோயிலில் பதிக்கப்பட்டது என்று கல்வெட்டு கூறுகிறது. கடல் வணிகம் நடந்த வழியில்தான் இத்தகைய நட்பும் வந்தது.

தில்லைக்குப் போவதையே கனவாகக் கொண்ட நந்தனாரின் பெயர் இங்கே மறக்க முடியாதது. அவர் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் தொடங்கி, பள்ளிக்கதவு அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தார். கோயிலைப் பார்த்த கையோடு அந்தப் பள்ளியையும் பார்த்து வருவது நல்லது.

நேரம் உள்ளவர்கள் மற்றொரு நாள் வடலூருக்கும் செல்லலாம். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில், 23.5.1867 அன்று வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவரிடம் சாதி மதம் கேட்பதில்லை. மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் காய்கறியும் அனுப்பும் வியாபாரிகள் நம்மிலேயே பலர் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

நமக்கு என்ன?

இந்தச் சுற்றில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஆருத்ரா தரிசனத்துக் களிக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், ஏலக்காய் வேண்டும். நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, பட்டை, கிராம்பு வேண்டும். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் வேண்டும். கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதா, சர்க்கரை, உலர்திராட்சை வேண்டும். தைப்பூச அன்னதானத்துக்கு அரிசி வேண்டும். எல்லாம் ஒரே கடையின் ஒரே அலமாரியிலிருந்து போகின்றன. அரிசியைக் கொடுத்தவர் ஒரு மதம், வெல்லம் காய்ச்சியவர் ஒரு மதம், லாரி ஓட்டியவர் ஒரு மதம், மூட்டை இறக்கியவர் ஒரு மதம். பூசைக்கோ தொழுகைக்கோ போய்ச் சேரும்போது சரக்கில் அந்த அடையாளம் எதுவும் இருப்பதில்லை.

இக்காலத்தில் கைப்பேசியில் ஒரு வதந்தி ஐந்து நிமிடத்தில் மாவட்டம் முழுவதும் பரவுகிறது. "இன்னார் கடையில் வாங்காதே, இன்னாருக்கு விற்காதே" என்ற பேச்சும் அவ்வப்போது நாட்டின் பல பகுதிகளில் எழுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு இதனால் நட்டமில்லை. ஒரு நாள் கலவரம் என்று கதவைச் சாத்தினால், கெட்டுப்போகும் பாலும் தயிரும் தக்காளியும் சிறு வியாபாரியுடையவை. வாடகையும் வட்டியும் அன்றைக்கும் ஓடும். அதைவிடப் பெரிய நட்டம், முப்பது வருடமாகக் கடன் நோட்டில் பெயர் இருந்த வாடிக்கையாளர் மறுநாள் முதல் வேறு தெருவழியாகப் போவதுதான். அந்த நட்டத்துக்கு எந்த இன்சூரன்சும் இல்லை.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தது. மின்சாரம் இல்லை, ஏ.டி.எம். இல்லை. அந்த நாட்களில் தெருமுனைக் கடைக்காரர் முகம் பார்த்துத்தான் அரிசியும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் கொடுக்க முடிந்தது. 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை மாட்டியிருந்தாலும், பேரிடரில் பலகையைத் திருப்பி வைப்பவர் நம் வியாபாரி. முகம் தெரிந்த அந்த நம்பிக்கைதான் நம் உண்மையான மூலதனம். பெரிய அங்காடிகளாலும் ஆன்லைன் வியாபாரத்தாலும் அதை விலைக்கு வாங்க முடியாது. நாமாகத்தான் கெடுத்துக்கொள்ள முடியும்.

நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துக் கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். இன்றைக்கு நாம் ஊருக்குச் செலுத்த வேண்டிய மகமை, கடை வாசலில் பிரிவினைப் பேச்சுக்கு இடம் கொடாமல் இருப்பது. வதந்தியைச் சொல்ல வருபவரிடம் "என்ன வேண்டும், எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்டு அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

செல்வோர் கவனத்துக்கு

வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ தொழுகை நேரத்திலும், ஞாயிறு காலை ஆராதனை நேரத்திலும் வேடிக்கை பார்க்கச் செல்ல வேண்டாம். தர்காவுக்குள் ஆண் பெண் இருபாலாரும் தலையை மூடிக்கொள்வது மரியாதை. உள்ளே புகைப்படம் எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். கிள்ளைக்கு மாசி மகத்தன்று செல்வதே சிறப்பு. கூட்டம் அதிகமாகையால் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.

கொள்முதல் செய்வோருக்கும் ஒரு குறிப்பு. தமிழ் மாதப் பண்டிகைகளும் கிறிஸ்துமசும் ஏறக்குறைய அதே நாட்களில் வரும். நோன்பு மாதமோ ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னதாக வந்து, ஏறத்தாழ 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றி வரும். சென்ற ஆண்டுச் சிட்டையை அப்படியே பார்த்துச் சரக்குப் போடாமல், ஜமாஅத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். அப்படிக் கேட்கப் போகும் சாக்கில் ஒரு டீயும் நாலு வார்த்தையும் ஆகும். வியாபாரத்துக்கும் ஊருக்கும் அது நல்லது.